பொய் சொல்லாத கழுத்து

1984 மார்ச் 16, வெள்ளி

இன்று நான் சொல்லாமல் விட்டது நன்றி.

சொல்வதற்கு இடம் இல்லாமல் இல்லை. கல்யாணப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து வைத்து முடித்ததும் சொல்லியிருக்கலாம். வெளியே தூறல் தொடங்கியதும் அவர் தன் கோட்டைக் கழற்றி யோகராணி அக்காவுக்கும் எனக்கும் தலைக்கு மேலே பிடித்தாரே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் அக்காவின் கணவர், சபாரத்தினம் அத்தான், காரைத் திறந்துகொண்டே சிரித்தார்: "இனி என்ன பயம் மலர்? உன்ரை விசாவுக்கு ஒரு ஆம்பிளை காவல் நிக்கிறான்."

அத்தோடு என் வாய் மூடிக்கொண்டது.

எழுதி வைக்கிறேன், பிறகு எனக்கே கதை மாறிவிடக் கூடாது. போன ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்தது. அக்கா, பெரியம்மாவின் மகள், என்னை இங்கே ஒக்லாந்துக்குக் கூப்பிட்டாள். விருந்தாளி விசா இந்த மாதத்தோடு முடிகிறது. இன்று என்னோடு கையெழுத்து வைத்த கதிர்காமநாதன், அத்தானின் நண்பர், நில அளவையாளர், நிரந்தர வதிவிடம் உள்ளவர். ஊரில் அவருடைய தாய் பெருஞ்சீதனத்தோடு பெண் பார்க்கிறா. அவருக்குத் தன்னை விற்க விருப்பமில்லை. "ரெண்டு பேருக்கும் வசதி" என்றார் அத்தான், காணிக்கு எல்லை போடுகிறவர் போல.

போன கிழமை அக்காவின் குசினியில் நானே அவரிடம் சொன்னேன்: எழுத்து மட்டும்தான். தாலி வேண்டாம். எனக்கு வதிவிடம் கிடைத்ததும் அவரவர் வழி. எங்கள் ஆட்களுக்கு எழுத்து என்பது கடதாசி. தாலி ஏறினால்தான் மனைவி. கடதாசிக்குக் கடதாசி போதும். ஏன் என்று கேட்பார், விளக்கம் சொல்லலாம் என்று தயாராக நின்றேன்.

"ஓம். தாலியிலை பொய் சொல்லேலாது" என்றார். அவ்வளவுதான்.

நான் சொல்ல வைத்திருந்த வசனத்தை அவர் எடுத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.


மார்ச் 18, ஞாயிறு

மவுண்ட் ரோஸ்கில்லில் அவருடைய வீட்டுக்கு வந்துவிட்டேன். பலகை வீடு. வெயில் வரும் பின் அறை எனக்காம். அவர் தெருப்பக்கத்து இருட்டறையை எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் கேட்கவில்லை.


ஏப்ரல் 29, ஞாயிறு

முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. பக்கத்தில் நின்று காய்கறி வெட்டுகிறவள் லச்மி, ஃபீஜிக்காரி. அவளுடைய தமிழ் மூன்று தலைமுறை கரும்புத் தோட்டத்தில் ஊறியது. பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். பை நிறையக் காதல் நாவல் வைத்திருக்கிறாள். எல்லாம் பழைய இங்கிலாந்து. எல்லாவற்றிலும் ஒரு கோமகன், கடனில் மூழ்கிய குடும்பத்துப் பெண், வசதிக்காக ஒரு கல்யாணம். கடைசி அத்தியாயத்தில் காதல்.

"இது உன் கதை மா" என்று ஒன்றை என் கையில் திணித்தாள்.

வாசித்தேன். வாசிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. கோமகனின் மாளிகையில் எத்தனையோ அறைகள். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் மாதக்கணக்கில் கோபமாக இருக்கலாம். இங்கே இரண்டு அறையும் ஒரு குளியலறையும். காலையில் துவாயோடு நான் வெளியே வர, துவாயோடு அவர் உள்ளே போக, "ஸொரி" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்கிறோம். இதில் எந்த எழுத்தாளராவது ஒரு அத்தியாயம் எழுதட்டும் பார்ப்போம்.


ஜூலை 29, ஞாயிறு

ஒரு வருடம். போனவர்களுக்காக இன்று மண்டபம் எடுத்துப் பிரார்த்தனை. போகாமல் இருக்க முடியவில்லை. அக்கா காலையில் தன் சங்கிலி ஒன்றைக் கொண்டுவந்தாள்: "சட்டைக்குள்ளை விட்டுக்கொண்டு வா. ஆர் பாக்கப்போகினம்? சனத்தின்ரை வாயை ஏன் கிளறுவான்?"

"என்ரை கழுத்து பொய் சொல்லாது அக்கா" என்றேன். பெரிய வசனம். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

தேவாரம் முடிந்து சாப்பாட்டு மேசையில், ரதிதேவி அக்கா. எங்கள் சனத்தில் யார் வீட்டில் எந்தக் குழந்தைக்கு எத்தனை பல் என்று தெரிந்தவ. என் கழுத்தைப் பார்த்தா, காதைப் பார்த்தா, திரும்பக் கழுத்தைப் பார்த்தா.

"என்ன பிள்ளை, தாலிக்கொடியை அடைவு வைச்சுப்போட்டியளோ?"

நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். எரிந்த வீட்டை நினைக்க வந்த இடத்தில் இதற்கா பதில் சொல்வது? பின்னால் அவர் சோற்றுச் சட்டியோடு நின்றது எனக்குத் தெரியாது.

"அவ வைக்கேல்லை அக்கா. நான்தான் இன்னும் அதுக்கு லாயக்காகேல்லை" என்றார். சத்தத்தை உயர்த்தவில்லை. "ஆகினா முதல் உங்களுக்குத்தான் சொல்லுவன். சத்தியமா."

சட்டியை வைத்துவிட்டு, "சோறு ஆறுது, போடுங்கோ" என்று போய்விட்டார். ரதிதேவி அக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

காரில் வரும்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. அதுதான் — எதிர்பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிமிர்ந்து இருந்து வீதியைப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்து முதல் தடவையாக, என்னைப் பார்த்து யாரும் பரிதாபப்படவில்லை என்று தோன்றியது.


ஓகஸ்ட் 11

குளிர். என் கதவு தட்டிய சத்தம். திறந்தால் நிலத்தில் சுடுதண்ணீர்ப் பை. ஆளைக் காணவில்லை.


1985 மே 5, ஞாயிறு

பிடிபட்டார். பின் தோட்டத்தில் ஃபீஜோவா மரத்தின் கீழ், விழுந்த பழங்களுக்கு நடுவே கதிரை போட்டுக்கொண்டு, லச்மியின் கோமகனை வாசித்துக்கொண்டிருந்தார். அளவுக் குறிப்பு எழுதும் பென்சில் காதில்.

"அது பொம்பிளையள் வாசிக்கிறது" என்றேன். நான் அப்படி நினைப்பவள் இல்லை. வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

"எனக்கு உந்த ஆளை விளங்கேல்லை" என்றார். "அவவிலை விருப்பம் எண்டு மூண்டாம் அதிகாரத்திலையே தெரியுது. பிறகு ஏன் கடைசி வரைக்கும் வாயைத் திறக்காமல் குதிரையிலை திரியிறார்?"

"அவரிட்டைக் குதிரை இருக்கு. அதுதான்."

சிரித்தார். கண் மூடி, தலையைப் பின்னால் போட்டு. வெளியாட்கள் முன்னால் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. பழம் ஒன்றை வெட்டிப் பாதியை நீட்டினார். வாங்கினேன். நாங்கள் அந்தக் கோமகனை ஒரு மணித்தியாலம் திட்டினோம்.

இதை ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்?


ஓகஸ்ட் 24, சனி

நூலகத்தில் இருக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி என்னைக் கூப்பிட்டு இருத்தினார். வெலிங்டனில் நூலகப் படிப்பு ஒன்று, ஒரு வருடம். நான் விண்ணப்பிக்க வேண்டும், தான் பரிந்துரைப்பாராம். வீட்டில் சொன்னேன். நாளைக்கே எங்கள் சனம் கூடும் சான்ட்ரிங்ஹாம் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும், இவரே சொல்லிவிடுவார். போன கிழமைகூட அங்கே மளிகைக் கடையில் அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம், "அந்த லைப்ரரியிலை அவ வாசிக்காத புத்தகம் இனி வாங்கினாத்தான் உண்டு" என்றார். என்னை வைத்துக்கொண்டே.

கூச்சமாக இருந்தது. பொய் எழுதக் கூடாது: பெருமையாகவும் இருந்தது.


ஒக்டோபர் 30, புதன்

இடம் கிடைத்துவிட்டது. பெப்ரவரி கடைசியில் தொடக்கம்.

"போங்கோ" என்றார். உடனே. "ஒண்டும் யோசிக்காதேங்கோ, போங்கோ."

ஒரு நிமிடம் யோசித்துச் சொல்லியிருந்தால் என்ன?


டிசம்பர் 12, வியாழன்

கடவுச்சீட்டில் முத்திரை. நிரந்தர வதிவிடம். இனி நான் யாருடைய பெயரையும் பிடித்துக்கொண்டு இங்கே நிற்கத் தேவையில்லை.

அவர் கேக் வாங்கி வந்தார். மூன்று பேருக்குப் போதுமான கேக்கை இரண்டு பேரும் சத்தமில்லாமல் தின்றோம். "அப்ப, அவரவர் வழி" என்று அவர் சொல்வார் என்று பயந்துகொண்டிருந்தேன். சொல்லவில்லை. "நில்லுங்கோ" என்றும் சொல்லவில்லை. தட்டைக் கழுவினார்.

நான் போட்ட நிபந்தனை. நானே போட்டது. யாரை நோவது?


1986 ஜனவரி 11, சனி

போன கிழமை லச்மி வெங்காயம் உரித்தபடி: "நீ பெரிய படிப்பு படிச்சவ. புருசன்கிட்ட ஒரு வார்த்தை பேச வாய் இல்ல."

"அவர் கேக்கட்டும்."

"அவன் கேக்கல. நீ கேளு. என்ன, நாக்கு தேஞ்சுருமா?"

ஒரு கிழமையாக இதையே யோசிக்கிறேன். கேட்பது இறங்கிப் போவது என்று நினைத்திருந்தேன். ஆனால் போன வருடம் நான் கேட்டிருந்தால் அது விசாவுக்குக் கெஞ்சியது மாதிரி. இன்று என் முத்திரை என்னுடையது, என் படிப்பு என்னுடையது. ஒன்றும் தேவையில்லாத நிலையில் ஒருத்தி கேட்டால் அதில் எங்கே இறக்கம்?


ஜனவரி 18, சனி

கேட்டேன்.

மத்தியானம். அவர் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடி, கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்: "நான் வெலிங்டன் போறது போறதுதான். ஆனா அதுக்கு முதல், நீங்கள் எனக்குத் தாலி கட்டுவியளோ?"

பிரஷ் கையிலிருந்து விழுந்தது. என்னையே பார்த்தார். முகம் முழுக்கச் சிவந்தது. பிறகு எழுந்து, "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். ஒரு சப்பாத்து பொலிஷ், மற்றது ஊத்தை. அப்படியே போய்விட்டார்.

பொழுது படுகிறது. இன்னும் வரவில்லை.


ஜனவரி 19, ஞாயிறு

வரவில்லை. இரவு முழுக்க வரவில்லை.

என்ன செய்துபோட்டன்? என்னத்துக்குக் கேட்டனான்? 'கொஞ்சம் பொறுங்கோ' — கடைக்காரன் சொல்லுறது. எழுத்தெண்டா எழுத்து எண்டு சொன்ன மனுசன், சொன்ன சொல்லிலை நிண்டிருக்கிறார். நான்தான் மாறினனான். வெட்கமில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு வேறை.

அந்த வீட்டில் இருந்து அவருடைய ஊத்தைச் சப்பாத்துப் பிரஷைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விடிந்ததும் கிளம்பி, ஞாயிறு பஸ்ஸுக்குக் காத்திருந்து, துறைமுகத்துக்குப் போய் இருந்தேன். டெவன்போர்ட் படகு போவதும் வருவதும். காதலில் தோற்ற நாயகிகள் இங்கே மயங்கி விழுவார்கள், ஒரு கோமகன் தூக்குவான். எனக்குப் பசித்தது. பொரித்த மீன் வாங்கித் தின்றேன்.

திரும்பி வந்தபோது டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. சமாதானம் சொல்ல வந்தால் எனக்கு வேண்டாம். திரும்ப அடித்தது. எடுக்கவில்லை.

அழவில்லை. இதை எழுதி வைக்கிறேன்: கேட்டேன், அழவில்லை.


ஜனவரி 20, திங்கள்

கையெழுத்து ஒழுங்காக வராது. இருந்தாலும் எழுதுகிறேன்.

வேலை முடிந்து சான்ட்ரிங்ஹாமில் இறங்கிக் கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டபடி. பின்னால் ஒரு குரல்.

"அடி ஆத்தை! பொன்னுருக்கின பொம்பிளை கடைத்தெருவிலை திரியிறாய்?"

ரதிதேவி அக்கா. தாலிக்குப் பொன் உருக்குவது கல்யாணம் நிச்சயமான வீட்டில்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன அக்கா? ஆருக்குப் பொன்னுருக்கினது?"

"ஆருக்கோ? உனக்கு! நேற்றுக் காலமை, உன்ரை அக்கா வீட்டுக் கராஜிலை! அவன் பெடியன் சனிக்கிழமையே எனக்குப் போன் பண்ணிப்போட்டான். 'அக்கா, உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன், லாயக்காகிட்டன்' எண்டு. சொன்ன சொல்லை மறக்கேல்லை பார்." கண்ணைத் துடைத்தா. "உனக்குத் தெரியாதே?"

சான்ட்ரிங்ஹாம் முழுக்கத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் என்னைக் கண்டதும் கத்தினாள்: "விசரி! எங்கையடி போனனி? உருக்கின பொன்னைத் தாம்பாளத்திலை வைச்சுக்கொண்டு நேற்று ரெண்டு தரம் உன்ரை வாசல்லை வந்து நிண்டனான். போனும் எடுக்கிறாயில்லை!"

நடந்தது இதுதான். சனி மத்தியானம் நேரே அத்தானிடம் போயிருக்கிறார். அத்தான் பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஞாயிறு காலை விட்டால் பொன்னுருக்க வேறு நாள் இல்லை, வெள்ளிக்கிழமை முகூர்த்தம் என்றிருக்கிறார். ஃபீஜி நகை வேலைக்காரர் ராம் பிரசாத் காஸ் அடுப்போடு வந்து, இவர் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பவுனைக் கராஜில் வைத்து உருக்கியிருக்கிறார். தேங்காய் உடைத்து, வெற்றிலை வைத்து, முறையாக. மாப்பிள்ளை வீட்டார் பொன்னைக் கொண்டுபோய்ப் பெண்ணுக்குக் காட்ட வேண்டும். காட்ட வந்தபோது பெண் துறைமுகத்தில் மீன் தின்றுகொண்டிருந்தாள்.

"அவர் எங்கை?"

"பொன்னுருக்கினா, தாலி கட்டுமட்டும் ரெண்டு பேரும் முகம் பாக்கக் கூடாது. உனக்கு உதுவும் தெரியாதோ? தன்ரை சிநேகிதன் குணரத்தினம் வீட்டிலை நிக்கிறான், பிளாக்ஹவுஸ் பே பக்கம். நீ போகக் கூடாது. மலர்! நில்லு!"

நிற்கவில்லை. பஸ்ஸில் உருளைக்கிழங்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

குணரத்தினத்தின் மனைவி உஷா கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு நிழல் பாய்ந்து உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தியது.

"மலர், பாக்கக் கூடாது!" உள்ளிருந்து.

"வாயைத் திறந்து ஒரு 'ஓம்' சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமே!" வெளியிலிருந்து.

"தாம்பாளத்தோடை வந்து சொல்லுறதுதான் முறையெண்டு நினைச்சன். எழுத்தைத்தான் அவசரத்திலை செய்தம். இதையாவது ஒழுங்காச் செய்யவேணும் எண்டு. நீங்கள் வீட்டிலை பொறுத்து நிப்பியள் எண்டு..."

"நான் ஏன் நிக்கவேணும்?"

"ஓம். நீங்கள் நிக்கிற ஆள் இல்லை. அது என்ரை பிழை."

உஷா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிலத்தில் இருந்தேன். எத்தனை நாள் கேட்க நினைத்தது.

"ஏன் நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லை?"

"எப்பிடிக் கேக்கிறது? உங்கடை விசா என்ரை கையிலை. நான் கேட்டா நீங்கள் 'இல்லை' எண்டு சொல்லேலாது. இல்லையெண்டு சொல்லேலாத ஆளிட்டைக் கேக்கிறது கேள்வியே?"

உருளைக்கிழங்குப் பையை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

"டிசம்பரிலை கேக்கலாம் எண்டு இருந்தன். அதுக்கு முதல் வெலிங்டன் வந்திட்டுது. கேட்டா நீங்கள் போகாமல் விட்டிடுவியளோ எண்டு பயம்."

"விட்டிருக்க மாட்டன்" என்றேன்.

உள்ளே அந்தச் சிரிப்பு. கண் மூடி, தலையைப் பின்னால் போட்டுச் சிரிப்பது. கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

"தெரியும்" என்றார். "அதுதான் எனக்குப் பெருமை."

உருளைக்கிழங்கை உஷாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்கு அவருக்கு அதில்தான் கறி.


ஜனவரி 22, புதன்

முகூர்த்தம் யாழ்ப்பாண நேரமா, ஒக்லாந்து நேரமா என்று இரண்டு வீடுகளிலும் சண்டை. இவர் டெலிபோனில் அத்தானுக்குச் சொன்னாராம்: "அண்ணை, எங்களுக்குச் சூரியன் இங்கைதானே உதிக்குது?" ரோஸ்கில் குன்றுக்கு உதயம் எத்தனை மணி என்று தானே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அளவைக்காரரிடம் அத்தானின் பஞ்சாங்கம் தோற்றது.


ஜனவரி 24, வெள்ளி

தேவாலய மண்டபம். ஐயர் இல்லை, ஃபீஜியில் கோயில் பூசை செய்த லச்மியின் மாமா நடத்தி வைத்தார். அத்தான் தேவாரம் பாடினார். லச்மி எல்லாரையும் விடச் சத்தமாக அழுதாள்; முடிவு தெரிந்த கதை என்பதால் அழ வசதியாக இருந்ததாம்.

ஆறு நாளுக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். கழுத்தைக் குனிந்து கொடுக்க வேண்டும் என்றார்கள். குனிந்தேன். கட்டி முடிந்ததும் நிமிர்ந்தேன். அது யாரும் சொல்லித் தரவில்லை.

ரதிதேவி அக்கா வந்து தாலியைக் கையில் ஏந்திப் பார்த்தா. "ஒரு பவுன்தான். ஆனா நல்ல பாரம்" என்றா.

அவருக்கு நன்றி சொன்னேன். "எதுக்கு?" என்றார். "கோட்டுக்கு" என்றேன். அவருக்கு நினைவில்லை.


பெப்ரவரி 22, சனி

வெலிங்டன். விடுதி அறை. காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது. ரயில் நிலையத்தில் அவர் கையசைக்கவில்லை. நேராக, காவலாளி மாதிரி, ரயில் போகுமட்டும் நின்றார். நானும் அழவில்லை. பையைத் திறந்தால் நடுவில் லச்மியின் கோமகன். எங்கே வாய் திறந்திருக்க வேண்டுமோ, அந்தந்த இடத்தில் எல்லாம் ஓரத்தில் பென்சில் கோடு.


டிசம்பர் 7, ஞாயிறு

படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நூலகத்தில் வேலை, புது வருடத்தில் தொடக்கம். வெயில் வரும் பின் அறையில் நாலு சுவருக்கும் இவர் மரத்தட்டு அடித்து வைத்திருக்கிறார். இப்போது அந்த அறையில் புத்தகங்கள் மட்டும்தான் இருக்கின்றன.